பழைய ரேஸ் கார் பாகங்களில் செய்த சொகுசு வாட்ச் வாங்கலாமா? நம்ம கடற்கரை ஊரில் கட்டினால் தாங்குமா?

கேட்டவர் துபாயில் வேலை பார்க்கிறார், சொந்த ஊர் ஏர்வாடிப் பக்கம். ஃபார்முலா 1 ரேஸ் காரின் கார்பன் நாரில் செய்த வாட்ச் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். அது நிஜமா, அந்த விலைக்குத் தகுமா, ஊருக்கு வந்தால் உப்புக்காத்துக்கு நிற்குமா என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். நான் கீழக்கரையில் வாட்ச் ரிப்பேர் பார்ப்பவன். சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், லீவுக்கு வரும்போது கையில் கட்டிவரும் வாட்சுகளில்தான் எங்கள் பிழைப்பு பாதி ஓடுகிறது, அதனால் இதைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதல் கேள்விக்குப் பதில்: நிஜம்தான். ஆனால் எல்லாம் ஒரே ரகம் இல்லை.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்து ரெக் வாட்சஸ் கம்பெனி பழைய மினி, ஃபோர்டு மஸ்டாங், போர்ஷே 911 கார்களின் உலோகத்தை எடுத்து டயல் செய்கிறது. எந்தக் காரிலிருந்து எடுத்தது, அது எங்கே ஓடியது என்ற விவரமும் கூடவே வரும். இவை பெரும்பாலும் ரோட்டில் ஓடிய கார்கள். நேராக ரேஸ் டிராக்கிலிருந்து வந்தது என்றால் சுவிட்சர்லாந்தின் ஜிரார்ட் பெரிகோ 2022-ல் வெளியிட்ட லோரியாட்டோ அப்சல்யூட் குரோனோகிராஃப் (ஸ்டாப் வாட்சும் சேர்ந்த வாட்ச்). ஆஸ்டன் மார்ட்டின் அணி 2021 சீசனில் ஓட்டிய இரண்டு ஃபார்முலா 1 கார்களின் கார்பனை அதன் கேஸில் (வெளிக்கூட்டில்) கலந்திருக்கிறார்கள். மொத்தமே 306 வாட்சுகள். நீங்கள் பார்த்தது அநேகமாக இதுதான். 2022-ல் ஃபார்முலா 1 விதிகள் அடியோடு மாறிவிட்டதால் 2021 காரின் பாடி அடுத்த வருடத்துக்கு ஆகாது. அந்த அணியின் பெரிய டிரைவர் செபாஸ்டியன் வெட்டல் ஓட்டிய காராகவே இருந்தாலும் ரேஸைப் பொறுத்தவரை அது காயலான் கடைச் சரக்கு. அதை லட்சக்கணக்கில் விலை போகும் வாட்சாக மாற்றியவனின் மூளையைப் பாராட்டத்தான் வேண்டும்.

வாங்கலாமா என்பதற்கு வருகிறேன். என்னைக் கேட்டால் பிராண்டையும் விலையையும் பிறகு பாருங்கள். காரிலிருந்து எடுத்த அந்தத் துண்டு வாட்சில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். டயலிலா, கேஸிலா? மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

டயல் கண்ணாடிக்கு உள்ளே இருப்பது. வியர்வையும் படாது, உப்பும் படாது, இடியும் படாது. அதற்குக் கீழே ஓடும் மிஷினுக்கும் அந்தத் தகட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ரெக் வாட்சுகள் பலவற்றில் இருப்பது ஜப்பான் மியோட்டா மிஷின். அதை என்னைப் போன்ற ஊர்க் கடைக்காரனே கழற்றிக் கழுவி ஆயில் விட்டு ஓட வைத்துவிடுவான். இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்த பையன், "காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), இதுக்குள்ள நெசமாவே மஸ்டாங் கார் இருக்கா?" என்று கேட்டான். "தகடு இருக்கு தம்பி. அது எந்தக் காரோடதுன்னு உன் பில்லும் அந்தக் கார்டும்தான் சொல்லும், நான் ஐ கிளாஸ் போட்டுப் பாத்துச் சொல்ல முடியாது" என்றேன்.

உலோகத்தின் விஷயமே அதுதான். பிஸ்டனோ கியர்பாக்ஸ் மூடியோ, உருக்கி ஊற்றிவிட்டால் அது வெறும் அலுமினியம். வாப்புச்சாவோட (பாட்டியோட) கழுத்துச் சங்கிலியை உருக்கி வளையல் செய்த மாதிரி, நமக்குத் தெரியும், தட்டானுக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்கு அது வெறும் தங்கம். அதனால் உருக்கிச் செய்தோம் என்று யாராவது விற்றால், எந்தக் கார், எந்த வருடம், சேஸிஸ் எண் என்ன, யாரிடம் வாங்கினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். "ரேஸிங் பாரம்பரியம்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் அது விளம்பரம், அவ்வளவுதான்.

கார்பன் வேறு சாதி. மண்டபத்தில் ஃபைபர் போட் வேலை பார்க்கும் என் மச்சானுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கண்ணாடி நார் மேட்டை விரித்து ரெசின் பூசி இறுக விட்டால், அதைத் திரும்ப உருக்க வழியில்லை. உடைந்த ஃபைபர் போட்டில் இன்ஜினையும் புரொப்பல்லரையும் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போவான், உடம்பைத் தொடமாட்டான். ரேஸ் கார் பாடியும் அந்தக் குடும்பம்தான், கண்ணாடி நாருக்குப் பதில் கார்பன் நார், ரெசின் எபாக்சி. 1981-ல் மெக்லாரன் அணிதான் முதன்முதலில் முழுக் கார்பன் கூடு வைத்த ஃபார்முலா 1 காரை ஓட்டியது. அந்த வருடமே இத்தாலியின் மோன்சா டிராக்கில் ஜான் வாட்சன் பலமாக மோதி, கார் பிய்ந்துபோயும் நடந்து வெளியே வந்தார். அதன்பிறகு எல்லா அணியும் கார்பனுக்கு மாறியது. அவ்வளவு உறுதியான பொருளை உருக்க முடியாததால் துண்டு துண்டாக நறுக்கி, புது ரெசினில் கலந்து, அழுத்தி இறுக வைத்து, பிறகு கடைந்து கேஸ் ஆக்குகிறார்கள். நார்த் துண்டுகள் தாறுமாறாகக் கிடப்பதால் ஒரு வாட்சின் கோலம் இன்னொன்றில் வராது. காரின் நாரே கண்ணுக்குத் தெரிவதால், உருக்கிய டயலைவிட இதில் எனக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் அது வெளியே இருக்கிறது. ஸ்டீல் கேஸில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு மறைத்துவிடலாம். கார்பன் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால் பாலிஷ், வெல்டிங் எதுவும் நடக்காது, கேஸையே மாற்ற வேண்டும். 306-ல் ஒன்றுக்கு மாற்றுக் கேஸ் என் கடையில் கிடைக்குமா, மதுரையில் கிடைக்குமா? கம்பெனிதான் தர வேண்டும். குரோனோகிராஃப் மிஷினும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும், நான் திறக்கமாட்டேன். அந்தக் கம்பெனி நாளைக்கு இருக்குமா என்பதும் கேள்விதான். ரொமேன் ஜெரோம் என்ற சுவிஸ் கம்பெனி 2007-ல் டைட்டானிக் கப்பலின் இரும்பைக் கலந்து வாட்ச் செய்து ஊரையே பேச வைத்தது. 2020-ல் திவாலாகிவிட்டது. ஜிரார்ட் பெரிகோ 1791-லிருந்து கணக்குச் சொல்லும் பழைய வீடு, அந்த அளவில் பயம் குறைவு. புதுசாகக் கிளம்பிய சின்ன பிராண்டுகளிடம் இதை யோசிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

உப்புக்காத்து விஷயத்துக்கு வாங்க. பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு நான் என்ன சொல்வது. 1914-ல் திறந்த பழைய பாலத்தை அரிப்பிலிருந்து காப்பாற்றப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 2025-ல் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் விசேஷப் பெயின்டும் போட்டிருக்கிறார்கள். இந்தக் காத்தில் கார்பன் துருப்பிடிக்காது, அது நல்ல செய்தி. கெட்ட செய்தி, கார்பனும் மின்சாரம் கடத்தும். பக்கத்தில் அலுமினியம் தொட்டுக்கொண்டிருந்து நடுவில் உப்புத் தண்ணீர் ஈரமும் இருந்தால் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். டைட்டானியத்தை அப்படி ஒன்றும் செய்யாது. ஆகவே கார்பன் கேஸ் என்றால் பின்மூடி, பட்டன், ஸ்க்ரூ எதில் செய்தது என்று கேளுங்கள். டைட்டானியம் என்றால் எடுங்கள். அலுமினியம் என்றால் துபாய் ஏசி ஆபீஸிலேயே கட்டிக்கொள்ளுங்கள், ஊருக்கு வேண்டாம்.

என் டேபிளுக்கு வரும் வாட்சுகளில் கெட்டுப்போவது பெரும்பாலும் கேஸ் இல்லை, ரப்பர் வாஷர்தான். வாஷர் காய்ந்து சாவி (பக்கத்தில் திருகும் குமிழ்) வழியாக ஈரம் உள்ளே போய், கண்ணாடியில் புகை கட்டி, முள்ளில் துரு ஏறித்தான் கொண்டுவருவார்கள். பக்கத்துக் கடையில் வெறும் செல் மாற்றும்போது பின்மூடி வாஷரைக் கவனிக்காமல் மூடிவிட்டால் கதை முடிந்தது. கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணியில் அலசித் துடையுங்கள், ஈரக்கையோடு குரோனோ பட்டனை அமுக்காதீர்கள், வருடம் ஒருமுறை தண்ணீர் டெஸ்ட் போடுங்கள். தோல் ஸ்ட்ராப் இந்த வேர்வைக்கு நாறிவிடும், ரப்பரே போதும்.

பழசை வீணாக்காமல் பயன்படுத்துகிறார்களே, நல்ல காரியம்தானே என்ற எண்ணத்தில் வாங்குவதாக இருந்தால், அந்த எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஆளுக்குச் சில கிராம் வீதம் 306 வாட்சில் எவ்வளவு குப்பை குறையும்? அதுதான் நோக்கம் என்றால் பனேராய் 2021-ல் எடையில் 98.6 சதவீதம் மறுசுழற்சிப் பொருளால் ஒரு வாட்ச் செய்தது, அதுவும் 30 மட்டும்தான். எனக்குப் பிடித்தது யூலிஸ் நார்டின் 2020-ல் செய்தது: பழைய மீன் வலையை மறுசுழற்சி செய்து ஸ்ட்ராப். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையில் சிக்கிக் கிடக்கும் நைலான் வலையை நினைத்தால், நம்ம பக்கத்தில் யாராவது இதைத் தொழிலாக எடுத்துச் செய்ய மாட்டார்களா என்று இருக்கிறது. ரேஸ் கார் துண்டைவிட அந்த வலை நமக்குக் கிட்டத்துச் சொந்தம்.

காசு இருக்கிறது, ரேஸ் பைத்தியம் இருக்கிறது என்றால் வாங்குங்கள், தப்பில்லை. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய ஜோர்டான் அணிக் காரின் துண்டு ஒன்றில் யாராவது வாட்ச் செய்தால் நானே கடன் வாங்கியாவது எடுப்பேன். ஆனால் பின்னாடி நல்ல விலைக்கு விற்கலாம் என்ற கணக்கில் எடுக்காதீர்கள். கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் கைமாற்றி வாங்குபவர்கள் கேட்பது ரோலக்ஸ், ஒமேகா, ராடோ. கார்பன் கேஸைக் காட்டினால் "பிளாஸ்டிக்கா?" என்பார்கள்.

கடைசியாக, பெட்டி, கார்டு, ஒரிஜினல் பில் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். சென்னையிலோ மதுரையிலோ இறங்கும்போது கஸ்டம்ஸில் நீங்களாகவே காட்டி, வரி இருந்தால் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். வாங்குவதற்கு முன்பே இந்தியாவில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் எங்கே, ஒரு முழு சர்வீஸுக்கு எவ்வளவு, எத்தனை மாதம் ஆகும் என்று கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.