பழைய காரின் வயர் வீலில் (ஸ்போக்ஸ் கம்பிகள் கோத்த சக்கரம்) குரோம் உரிகிறது. மறுபடி பிளேட்டிங் போடுவதா, புதிதாக மாற்றுவதா?

உங்களிடம் இருப்பது 1960களின் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நான்கு வயர் வீலிலும் குரோம் கொப்பளித்து உரிகிறது, நடுவில் வீலைப் பிடித்திருக்கும், சுத்தியலால் தட்டிக் கழற்றும் காது வைத்த நட்டுகளும் மங்கிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். என் பதில் இதுதான்: நட்டுகளுக்குப் பிளேட்டிங் போடுங்கள், வீல்களை மாற்றிவிடுங்கள். பிளேட்டிங் கடைக்காரர் வேறு மாதிரிச் சொன்னாலும் இதில் இறங்கி வராதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நம் கண்ணுக்குத் தெரியும் பளபளப்பில் குரோமின் பங்கு மிகக் கொஞ்சம். முதலில் செம்பு, அதன் மேல் நிக்கல், கடைசியில்தான் குரோம். நிக்கல் 10 முதல் 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருந்தால், குரோம் அரை மைக்ரான்கூட இருக்காது. அது நிக்கல் மங்காமல் காக்கும், அந்த நீலச் சாயலைத் தரும், அவ்வளவுதான். கண்ணாடி போன்ற மினுமினுப்பு வருவது அடியில் இருக்கும் உலோகத்தைத் தேய்த்து பாலிஷ் போடும் உழைப்பிலிருந்து. அதனால் ஒரு பாகத்தை நன்றாக பஃப் பண்ண முடியாவிட்டால் அதில் நல்ல குரோம் ஏறாது. 60 ஸ்போக்ஸ் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் வீலில், அந்த இடுக்குகளில் பஃபிங் சக்கரம் எப்படி நுழையும்?

பார்வையைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. பழைய பூச்சை எடுக்கவும் துருவைக் கழுவவும் ஆசிட் தொட்டியில் முக்குவார்கள். அப்போதும், அப்புறம் பிளேட்டிங் நடக்கும்போதும், ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடும். வலுவேற்றிய எஃகுக்கு அது விஷம். வெளியே ஒரு கீறலும் தெரியாது, ஆனால் இழுவிசையில் இருக்கும்போது பட்டென்று ஒடியும். ஸ்போக்ஸ் என்பது எந்நேரமும் இழுவிசையிலேயே இருக்கும் கம்பி. பிளேட்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள் 190 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல மணி நேரம் சுட்டால் அந்த ஹைட்ரஜன் பெருமளவு வெளியேறும். அலங்கார வேலை செய்யும் கடையில் அதற்கான அடுப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எனக்கு இது நடந்தது. வீலைப் பிரிக்காமல் அப்படியே முக்கி எடுத்துக் கொடுத்தார்கள். முதல் மாதம் அழகோ அழகு. அப்புறம் நிப்பிள்களின் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டுகள்) அடியில் தேங்கியிருந்த ஆசிட், துருநீராகக் கசிய ஆரம்பித்தது. ஒருநாள் ராத்திரி, வண்டி ஷெட்டில் சும்மா நிற்கும்போதே டிங் என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் பின் வீலில் ஒரு ஸ்போக் ஒடிந்து கிடந்தது. அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு. ஓடும்போது ஒடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கைகால் நடுங்கும். அன்பாக வைத்திருக்கும் வண்டியில் வீட்டு ஆட்களை ஏற்றிப்போகிறோம், இதில் துணிச்சல் வேண்டாம்.

புது வீல் வாங்கும்போது ரிம் குரோம், ஸ்போக்ஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று இருப்பதைத் தேடுங்கள். ஸ்டெயின்லெஸ் கம்பிக்குப் பூச்சே தேவையில்லை, பாலிஷ் போதும். பழைய ரிம்மையே வைத்துக்கொள்ள ஆசை என்றால் வீலை முழுதாகப் பிரித்து, ரிம்மை மட்டும் பிளேட்டிங்குக்குக் கொடுத்து, புது ஸ்போக்ஸ் கோத்துக் கோட்டம் எடுக்க வேண்டும். அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. சாதாரண வயர் வீல் என்றால் டியூப் கட்டாயம், நிப்பிள் ஓட்டைகள் வழியாகக் காற்று இறங்கும். துருத்தி நிற்கும் ஸ்போக் முனைகளை அரம் வைத்துத் தேய்த்து, மேலே ரிம் டேப் ஒட்டிவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஹப்பை, அதாவது வீல் போய் மாட்டும் பல் வைத்த நடுப்பாகத்தைப் பாருங்கள். அதில் இருக்கும் பற்களின் உச்சி தட்டையாக இருந்தால் நல்லது. கத்தி முனை மாதிரிக் கூர்மையாகிவிட்டால் ஹப் தேய்ந்துவிட்டது. பிரேக் அடிக்கும்போதும் வண்டி எடுக்கும்போதும் டக் என்று ஒரு சத்தம் வந்தால் அதுவும் இதைத்தான் சொல்கிறது. தேய்ந்த ஹப்பில் புது வீல் மாட்டினால், அது புது வீலின் பற்களையும் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

சரி, நட்டுகளுக்கு வருவோம். இவற்றுக்குத் தாராளமாகப் பிளேட்டிங் போடலாம். முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் பித்தளை வகை, அடியில் துரு வராது. சுத்தியல் அடியில் நசுங்கிய காதுகளை அரம் போட்டு ஒழுங்காக்கிவிட்டுக் கொடுங்கள். மரையிலும், வீலில் போய் உட்காரும் சாய்வான பகுதியிலும் பூச்சு படாமல் மறைக்கச் சொல்லுங்கள். அங்கே பூச்சு ஏறினால் பிறகு உரியும், உரிந்தால் இறுக்கம் குறையும். ஸ்போக்ஸ் இல்லாத சாதாரண தகட்டு வீலின் நட்டுகளுக்கும் இதே விதிதான். புது நட்டு வாங்குவதாக இருந்தால் ஒன்று: பாதசாரிகளின் பாதுகாப்புக்காக 1968 முதல் அமெரிக்காவில் காது நீட்டிய நட்டுகளைத் தடைசெய்தார்கள், அங்கே போன எம்ஜிபிகளுக்கு எண்கோண நட்டு வந்தது. உங்கள் வண்டிக்கு எது உரியதோ அதையே போடுங்கள்.

கழற்றும்போது இடப்பக்க நட்டு, வலப்பக்க நட்டு என்று குறித்து வையுங்கள். இடப்பக்கம் வழக்கமான மரை, வலப்பக்கம் எதிர்மரை. வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் திசையில் தட்டினால் இரண்டு பக்கமும் கழலும். ஹப்களைப் பக்கம் மாற்றிப் பூட்டிவிட்டால் ஓடும்போதே நட்டு தானாகக் கழன்றுவரும். மாட்டுவதற்கு முன் பற்களிலும் மரையிலும் சாய்விலும் கிரீஸ் தடவுங்கள். புதிதாக ஜொலிக்கும் நட்டை இரும்புச் சுத்தியலால் அடிக்காதீர்கள், செம்பு அல்லது ஈயச் சுத்தியல் வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்தே இறுக்குங்கள். அப்புறம் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிவிட்டு வந்து, நான்கையும் மறுபடி தட்டிப் பாருங்கள். புது வீல் ஹப்பில் படிந்து உட்காரும்போது நட்டு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கும்.