கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளை வாக்ஸ்: பெங்களூரு கார்க்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றியவைதாம். பூஜைக்கு முந்தைய நாள் காருக்கு வாக்ஸ் போட்டிருப்பார்கள். பெயின்ட் மின்னும், அதைச் சுற்றியுள்ள கறுப்பு பிளாஸ்டிக்கும் ரப்பரும் சுண்ணாம்பு தெளித்தாற்போல் நிற்கும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அல்சூரிலிருந்து: ஐயா, சென்ற ஞாயிறு நானே வாக்ஸ் போட்டேன். பம்பரின் கீழ்ப்பகுதியிலும் சக்கர வளைவைச் சுற்றியுள்ள கறுப்பு பிளாஸ்டிக்கிலும் வெள்ளைத் திட்டுகள். ஷாம்பு போட்டு இரண்டு முறை கழுவியும் போகவில்லையே, ஏன்?

அந்த பிளாஸ்டிக்கை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். செருப்புத் தோலைப் போலச் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பின் பள்ளங்களுக்குள் வாக்ஸ் இறங்கி, அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போக, மெழுகும் அதோடு கலந்த நுண்ணிய பாலிஷ் தூளும் வெள்ளையாக உறைந்துவிடுகின்றன. மெழுகு நீரை அண்டவிடாது என்பதற்காகத்தான் அதைப் பெயின்டின் மேல் பூசுகிறோம். அதே குணத்தால், பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு உங்கள் ஷாம்புத் தண்ணீரையும் அது அண்டவிடுவதில்லை. கார் வாக்ஸில் பெரும்பாலும் சேர்க்கப்படும் கார்னௌபா மெழுகு, பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கப்படுவது. அது 80 பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும். கை பொறுக்கும் வெந்நீரில் அது உருகாது என்றாலும் சற்று இளகும். நமக்கு அந்த இளக்கம் போதும்.

காரை நிழலில் நிறுத்தி, பிளாஸ்டிக் சூடு ஆறிய பிறகு தொடங்குங்கள். முதலில், தண்ணீர் படாமல், மென்மையான பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் தூளாக இருப்பது பாதி உதிர்ந்துவிடும். பிறகு வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள் விட்டு, அதில் நனைத்த துணியைத் திட்டின் மேல் ஓரிரு நிமிடம் ஒற்றி வைத்து, அந்தச் சூடு இருக்கும்போதே பிரஷ்ஷை நான்கு திசையிலும் ஓட்டுங்கள். இளகிய மெழுகை உடனே மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் பக்கத்துப் பள்ளத்தில் போய் உட்காரும். இதற்கும் மசியாத இடத்துக்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து, காரின் மேல் தெளிக்காமல் துணியில் தொட்டுத் துடையுங்கள். அது பெயின்டின் மேல் நீங்கள் பாடுபட்டுப் போட்ட வாக்ஸையும் கரைத்துவிடும் என்பதால், ஓரத்தில் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: எங்களுக்குப் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். என் காரில் இருப்பது வாக்ஸா, உப்புக் கறையா, வெயிலில் வெளுத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தேய்ப்பவர்கள்தாம் பிளாஸ்டிக்கைக் கெடுக்கிறார்கள். திட்டின் மேல் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். வாக்ஸ் என்றால் நகத்தில் வழவழப்பாகத் திரண்டு வரும். கடின நீரின் சுண்ணாம்புக் கறை என்றால் நறநறக்கும். சொட்டுச் சொட்டாக, நீர் வடிந்த தடமாக இருக்கும். வெள்ளை வினிகரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் வைத்துத் துடைத்தால் கரைந்துவிடும். அதே வினிகரை வாக்ஸின் மேல் எத்தனை முறை வைத்தாலும் ஒன்றும் நடக்காது.

நகத்தில் எதுவும் வராமல், வானத்தைப் பார்த்திருக்கும் பகுதிகளான வைப்பர் அடித் தட்டும் கூரைக் கம்பியும் மட்டும் ஒரே சீராகச் சாம்பல் நிறமாகி, தண்ணீர் பட்டால் கறுத்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால், அது வெயிலின் வேலை. புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல் தோலைச் சிதைத்துவிட்டது. எடுத்துப்போட அங்கே எந்தப் படிவும் இல்லை. அதற்கு டிரிம் டிரெஸ்ஸிங், அதாவது வெளுத்த கறுப்பு பிளாஸ்டிக்குக்கு மறுபடி கறுப்பு ஏற்றும் பூச்சு, பூசுவதுதான் வழி.

ஜெயநகரிலிருந்து: பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் அழித்தால் போகும் என்கிறார்களே?

போகும். ரப்பரை ரப்பரால் தேய்ப்பதா என்று என் மனைவி சிரித்ததுண்டு. ஆனாலும் சின்னத் திட்டுகளுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. மென்மையான வெள்ளை அழிப்பானையே பயன்படுத்துங்கள். பேனா மை அழிக்கும் கரடுமுரடான வகையில் மணல் போன்ற துகள் இருக்கும், அது கீறிவிடும்.

கோரமங்களாவிலிருந்து: பீனட் பட்டர் தடவினால் வாக்ஸ் போய்விடும் என்று படித்தேன். வேடிக்கையா, உண்மையா? தேங்காய் எண்ணெய் கூடாதா?

உண்மைதான். அதிலுள்ள கடலை எண்ணெய் மெழுகைக் கரைக்கும், கடலைத் துகள் லேசாகத் தேய்த்துக் கொடுக்கும். ஆனால் பின்பு சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் எடுக்காவிட்டால் சாலைத் தூசி முழுவதும் அங்கே வந்து ஒட்டும். அடித்தளப் பார்க்கிங்கில் எறும்புக்கு விருந்து வைத்ததாகவும் ஆகும். தேங்காய் எண்ணெயைச் சும்மா பூசிவிட்டால் வெள்ளையை மறைக்குமே தவிர எடுக்காது. ஓரிரண்டு மழைக்குப் பிறகு அதே திட்டு திரும்ப வந்து நிற்கும்.

சிவாஜிநகரிலிருந்து: மெக்கானிக் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொன்னார். கதவு பீடிங்கிலும் வாக்ஸ் ஒட்டியிருக்கிறது. அங்கேயும் தடவலாமா?

வேண்டவே வேண்டாம். இன்றைய கார்களில் கதவைச் சுற்றி வரும் பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. வெயில், மழை, ஓசோன் எதற்கும் அசையாத அந்த ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் மட்டும் ஆகாது. மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எது பட்டாலும் ஊறி உப்பி, நாளடைவில் பிடிமானம் இழக்கும். பிறகு ஓசூர் ரோட்டில் வேகம் எடுக்கும்போது கதவோரம் காற்று ஊளையிடும், மழையில் கால்மிதி நனையும். அப்போது யாரும் பழைய மண்ணெண்ணெயை நினைத்துப் பார்ப்பதில்லை. வாசலினும் பெட்ரோலியப் பொருள்தான், அதுவும் கூடாது. பீடிங்குக்கு வெந்நீரும் சோப்பும், தேவைப்பட்டால் மேலே சொன்ன ஆல்கஹால் கலவையும் போதும். அவை இந்த ரப்பரை ஒன்றும் செய்யா. காய்ந்த பிறகு சிலிகான் கிரீஸ் மிக மெல்லியதாகத் தடவலாம். தின்னரைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள்: ஒரு சொட்டு பெயின்டில் தெறித்தால் போதும், செலவு ஆயிரங்களில் போகும்.

இந்திரா நகரிலிருந்து: சுவர்க் கறை எடுக்கும் வெள்ளை மேஜிக் ஸ்பான்ஜ் எப்படி?

என் பழைய காரின் பின் பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பளபளத்த வட்டம் இருந்தது. அது அந்த ஸ்பான்ஜ் எனக்குக் கொடுத்த பாடம். தொட்டால் மெத்தென்று இருந்தாலும் அது மெலமைன் நுரை, மிக நுண்ணிய உப்புக்காகிதத்தைப் போலத் தேய்க்கும். வாக்ஸ் போனதோடு பிளாஸ்டிக்கின் சொரசொரப்பும் மழுங்கிப்போனது. அதை மீட்க வழி இல்லை. காரை விற்கும்வரை அந்த வட்டம் அப்படியே இருந்தது.

பெல்லந்தூரிலிருந்து: 2024 மார்ச்சில், குடிநீரில் கார் கழுவினால் ரூ. 5,000 அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததிலிருந்து எங்கள் குடியிருப்பில் குழாய் போட்டுக் கழுவ விடுவதில்லை. இதையெல்லாம் எப்படிச் செய்வது?

இந்த வேலைக்குக் குழாயே தேவையில்லை. ஒரு செம்பு வெந்நீர், அரை வாளி தண்ணீர், மூன்று துணிகள் போதும்.

ஹெப்பாளிலிருந்து: கதவுக் கண்ணாடிகளுக்கு இடையில் உள்ள பளபளப்பான கறுப்புத் தூணுக்கும் இதே முறைதானா?

இல்லை. அது வழவழப்பானது, அதன் மேல் வாக்ஸ் தாராளமாகப் படலாம். பிரஷ் மட்டும் வைக்காதீர்கள். உடனே கோடு விழும்.

அல்சூர் அன்பரே மறுபடி: அடுத்த முறை இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும், ஐயா?

கறுப்புப் பகுதிகளின் ஓரத்தில் மேஸ்கிங் டேப் ஒட்டுங்கள், ஜே.சி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும், வண்டி முழுவதும் ஒட்டக் கால் மணி நேரம் ஆகும். டேப் நிற்காத வளைவுகளில் முன்கூட்டியே டிரெஸ்ஸிங் பூசி வைத்தால், பள்ளங்களை அது நிரப்பிக்கொள்வதால் தவறிப் படும் வாக்ஸ் துடைத்ததும் வந்துவிடும். வாக்ஸை நேரடியாகக் காரின் மேல் வைக்காமல் பஞ்சில் எடுத்து, ஓரத்துக்கு இரண்டு விரற்கடை முன்பே கையை நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் டேப்பை அன்றே உரித்துவிடுங்கள். வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் அதன் பசை பிளாஸ்டிக்கில் இறங்கிவிடும், பிறகு அதை எடுப்பது எப்படி என்று எனக்கு எழுதுவீர்கள்.