பதில்: டிஸ்ஹானர்ட் 2, கொல்லாமல் ஆடினால் மாட்டிக்கொள்கிறேன்

தம்பி, பதுங்கி ஆடும் வீடியோ கேமான டிஸ்ஹானர்ட் 2-ஐக் காரைக்குடி வீட்டு வளவில் ஸ்பீக்கர் வைத்து ஆடுகிறேன், காவலன் எந்தப் பக்கம் வருகிறான் என்றே பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு அங்கேதான். உயரக் கூரை, வழவழ ஆத்தங்குடித் தரை. காலடிச் சத்தம் நாலா பக்கமும் எதிரொலிக்கும். முதலில் ஹெட்போன் மாட்டுங்கள்.

அடுத்து, ஆட்டத்தின் இரண்டு நாயகர்களில் எமிலியை எடுங்கள். 'டாமினோ' சக்தியால் இரண்டு மூன்று பேரைக் கோர்த்துவிட்டு ஒருவன்மேல் மயக்க ஊசியை எய்தால், எல்லோரும் சேர்ந்து சாய்வார்கள். ஒருவரும் சாகமாட்டார்கள். ஒன்றிரண்டு உயிர் போனாலும், கொலைகளைப் பொறுத்து ஏறும் 'கேயாஸ்' நிலை உடனே உயர்ந்துவிடாது, பதறி, முன்பு சேமித்து வைத்த இடத்துக்கு ஓடாதீர்கள். வில்லன்களில் ஒருவனான ஜிண்டோஷின் மாளிகையில், அறைகளை உருமாற்றும் முதல் நெம்புகோலைத் தொடாமல், மேலே ஏறிக் கண்ணாடியை உடைத்துச் சுவருக்குப் பின்னால் நுழையுங்கள். நீங்கள் வந்ததே அவனுக்குத் தெரியாது.

முடித்தபின் இன்னொரு நாயகரான கோர்வோவாகவும் ஒரு முறை ஆடுங்கள். 2012-இல் வந்த முதல் பாகத்தில் வாய் திறக்காத மனிதர், இதில் பேசுகிறார். குரல் ஸ்டீபன் ரஸ்ஸல், 1998-இல் வந்த 'தீஃப்' விளையாட்டின் நாயகன் கேரட்டுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. அந்தக் கரகரப்பில் வயதும் களைப்பும் அப்படியே தெரியும். எனக்கு எமிலி குரலைவிட அதுதான் ஒரு படி மேல். ரத்தம் சிந்தி ஆடினால் பேச்சும் மாறும், அதையும் கேளுங்கள்.