பீர் ஆலையும் அக்கம்பக்கமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனிதர்கள் கூடிப் பேசும் இடங்கள் குறைந்துகொண்டே வருவதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், பல ஊர்களில் உள்ளூர்ச் சிறு பீர் ஆலைகள் அந்தக் குறையைத் தீர்க்கின்றன என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அது உறுத்தியது. நான் குடிப்பதில்லை. என் நண்பர் ஒருவர் சிறிய கிராஃப்ட் ப்ரூவரி, அதாவது சிறு அளவில் பீர் காய்ச்சும் ஆலை, தொடங்கப்போகிறார், என்னையும் பணம் போடச் சொல்கிறார். அவருடைய திட்ட அறிக்கையில் பக்கத்துக்குப் பக்கம் 'சமூகம்' என்று வருகிறது. குடியை விற்க அழகான பெயர் வைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நூலகமும் பூங்காவும் செய்யாத எதை ஒரு பீர் ஆலை செய்துவிடப்போகிறது? கோபத்தில் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த ஒரு வரியில் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் குடி. மது உடம்புக்குக் கெடுதல், அதில் பேச்சே இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. கிராஃப்ட் என்று பெயர் வைத்ததால் ஆல்கஹால் மாறிவிடாது, உண்மையில் பல கிராஃப்ட் பீர்களில் அது லாகர் எனப்படும் வழக்கமான பீரைவிடக் கூடுதலாகவே இருக்கும். குடிக்காத நீங்கள் குடிக்காமலே இருங்கள்.

பீர் மனிதர்களைச் சேர்த்துவைக்கிறது என்பது என் கட்சியே இல்லை. நான் சொல்ல வருவது வேறு. சிறிய ஆலை ஒன்று பக்கத்தில் இருப்பவர்களை நம்பித்தான் பிழைக்க முடியும், அந்தத் தொழிலின் அமைப்பே அப்படி. பெரிய நிறுவனங்கள் பீரை வடிகட்டி, சூடுபடுத்திக் கிருமி நீக்கிக் கண்டம்விட்டுக் கண்டம் அனுப்புகின்றன. சிறிய ஆலைகள் பலவற்றின் சரக்கு அப்படிப் பயணம் தாங்காது. குளிரில் வைத்திருக்க வேண்டும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனை சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். அதனால் காய்ச்சிய இடத்திலேயே, தொட்டிகள் கண்ணுக்குத் தெரிகிற கூடத்தில், நீளமான மேசைகளைப் போட்டு ஊற்றிக்கொடுக்கிறார்கள். யார் காய்ச்சியது என்று குடிப்பவருக்குத் தெரியும், யார் குடிக்கிறார் என்று காய்ச்சியவருக்கும் தெரியும்.

சக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு லிட்டர் பீர் காய்ச்சினால் ஏறக்குறைய 20 கிலோ ஈரமான மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சக்கை மிஞ்சும். சர்க்கரை சாற்றோடு போய்விட்டாலும் புரதமும் நாரும் அதில் தங்கியிருக்கும், மாட்டுக்கு நல்ல தீவனம். ஆனால் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் ஓரிரு நாளில் புளித்து நாறத் தொடங்கிவிடும், தூரத்துக்கு ஏற்றிப்போனால் வண்டிக்கூலிக்கே கட்டாது. ஆகவே காய்ச்சுகிற நாளிலோ மறுநாளோ பக்கத்து விவசாயி ஒருவர் வண்டியோடு வந்தாக வேண்டும். அவர் வராவிட்டால் ஆலைக்குத் தலைவலி, ஆலை காய்ச்சாவிட்டால் அவருடைய மாடுகளுக்குத் தட்டுப்பாடு. வாரம் தவறாமல் இப்படி முகம் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேருக்கு நடுவில் தானாக ஒரு உறவு வந்துவிடுகிறது, அதற்குத் திட்ட அறிக்கை எதுவும் தேவைப்படுவதில்லை.

பீரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்டும் அப்படித்தான். ஒரு தடவை புளிக்கும்போதே அது பல மடங்கு பெருகித் தொட்டியின் அடியில் கூழாகத் தேங்கிவிடும். எல்லாவற்றையும் திரும்பப் பயன்படுத்த முடியாது. அதனால் இன்னொரு ஆலைக்காரர், கணக்குப்படி பார்த்தால் போட்டிக்காரர், வாளியோடு வந்து நின்றால் அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தவருக்குக் குறைவதில்லை, வாங்கியவர் நன்றி மறப்பதில்லை. ஒரு மூட்டை மால்ட்டோ ஹாப்ஸோ தீர்ந்துபோனாலும் கைமாற்று வாங்கிக்கொள்வது இந்தத் தொழிலில் சாதாரணம்.

இது முறை வைத்து நடக்கிற ஏற்பாடாகவே இருக்கும் இடம் ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ஜெர்மனியில் செக் எல்லையை ஒட்டிய ஓபர்ஃபால்ஸ் பகுதியில், நொய்ஹௌஸ், ஃபால்கன்பெர்க், எஸ்லார்ன் போன்ற சில சிற்றூர்களில் சொய்கல் என்றொரு பீர் காய்ச்சுகிறார்கள். காய்ச்சும் உரிமை அங்கே ஆளுக்குக் கிடையாது, வீட்டுக்கு. நொய்ஹௌஸில் அந்த உரிமை 1415-லிருந்து வருகிறது. ஊருக்குப் பொதுவாக ஒரே ஒரு காய்ச்சும் கூடம், உரிமையுள்ள வீட்டார் எல்லோருக்கும் சொந்தம். முறை வந்த வீட்டார் விறகு போட்டுப் பெரிய கொப்பரையில் காய்ச்சி, அந்தச் சாற்றை அகலமான தட்டையான தொட்டியில் ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் தங்கள் வீட்டு நிலவறைக்கு எடுத்துப்போகிறார்கள். ஈஸ்ட் சேர்ப்பதும் புளிக்கவைப்பதும் வாரக்கணக்கில் குளிரில் கிடத்துவதும் அங்கேதான். அதனால் ஒரே கூடத்தில் ஒரே மாதிரி காய்ச்சினாலும் வீட்டுக்கு வீடு ருசி மாறும். கொப்பரையைப் பயன்படுத்த அவரவர் கட்டும் கட்டணத்தில்தான் பொதுக் கூடத்தின் பராமரிப்பு நடக்கிறது. அப்புறம் பீர் தயாரானதும் அந்த வீட்டின் முன்னால் ஆறுமுனை நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். இன்றைக்கு இந்த வீடு திறந்திருக்கிறது, வரலாம் என்று அர்த்தம். சில நாள் கழித்து இவர்கள் மூடுவார்கள், அடுத்த வீடு திறக்கும். உள்ளே போனால் காலியாக இருக்கும் இடத்தில், முன்பின் தெரியாதவர் பக்கத்தில், உட்கார வேண்டியதுதான். 2018-ல் ஜெர்மனி இதைத் தன் மரபுப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதைவிடப் பெரிய விஷயமாக நான் நினைப்பது, அறுநூறு வருஷமாக யாரும் அந்தக் கொப்பரையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிடவில்லை என்பதைத்தான்.

அது பழைய மரபு, இன்றைக்குப் புதிதாக ஒன்றை அப்படி உருவாக்க முடியுமா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் வடக்கே கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்று ஒரு குட்டிக் கிராமம். அங்கே ஓல்ட் கிரவுன் என்ற மதுவிடுதிக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் 1988-ல் சிறிய ப்ரூவரி ஒன்று தொடங்கினார்கள். நடத்தியவர் ஓய்வுபெற முடிவு செய்தபோது, வேறு யாராவது வாங்கி மூடிவிடுவார்களோ என்று பயந்த ஊர்க்காரர்களும் வாடிக்கையாளர்களும் 1999-ல் கூட்டுறவு அமைத்து அதை வாங்கினார்கள். நாலு வருஷம் கழித்து, 2003-ல், விடுதியையும் அதேபோல நூறு பேருக்கு மேல் பணம் போட்டு வாங்கினார்கள். பிரிட்டனில் கூட்டுறவாக நடந்த முதல் விடுதி என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

இதன் பக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூயிங்கை வைத்துப் பாருங்கள். மூடும் நிலைக்கு வந்த அந்தப் பழைய ஆலையை 1965-ல் ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கி உயிர்கொடுத்தார், அமெரிக்காவின் கிராஃப்ட் பீர் வரலாற்றையே பலர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஊர் அதைத் தன்னுடையதாகவே நினைத்தது. ஆனால் பத்திரத்தில் அது ஊருடையதாக இல்லை. கை மாறி, 2017-ல் ஜப்பானின் சப்போரோ நிறுவனத்திடம் போனது. 2023 ஜூலையில் மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். தொழிலாளர்கள் கூட்டுறவு அமைத்து வாங்கிக்கொள்கிறோம் என்று முயன்று பார்த்தார்கள், முடியவில்லை, 2024-ல் வேறொரு தொழிலதிபர் வாங்கினார். அந்தத் தொழிலாளர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பாசம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், யார் பெயரில் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

நெருக்கடி வரும்போது இந்தப் பழக்கங்கள் எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் சிக்கோ ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்த கென் கிராஸ்மன், பிறகு சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். 2018 நவம்பரில் பக்கத்தில் இருந்த பாரடைஸ் ஊரைக் காட்டுத்தீ அழித்தது. 85 பேர் செத்துப்போனார்கள். அவருடைய சொந்த ஊழியர்களிலேயே வீடு இழந்தவர்கள் இருந்தார்கள். அவர் ஒரு பீரின் செய்முறையை எழுதி நாட்டில் இருக்கும் ஆலைகளுக்கெல்லாம் அனுப்பி, இதைக் காய்ச்சுங்கள், விற்ற பணம் முழுவதையும் நிவாரணத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டார். 1,400-க்கும் மேற்பட்ட ஆலைகள் சேர்ந்துகொண்டன. மால்ட், ஹாப்ஸ் விற்பவர்கள் சரக்கை இலவசமாகக் கொடுத்தார்கள். வாளியில் ஈஸ்ட் வாங்கிக் கொடுத்துப் பழகியவர்கள் என்பதால்தான் ஒரு கடிதத்துக்கு இத்தனை பேர் அவ்வளவு சீக்கிரம் அசைந்தார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, குறைகளும் இருக்கின்றன, அவற்றை மறைத்து இதைப் புகழ எனக்கு விருப்பமில்லை. பழைய கிடங்குப் பகுதிகளில் ப்ரூவரி வந்ததும் வாடகை ஏறி, அங்கே காலங்காலமாக இருந்தவர்கள் வெளியேற வேண்டிவந்த ஊர்கள் உண்டு. 2021-ல் இந்தத் துறையில் வேலை செய்த பெண்கள் நூற்றுக்கணக்கில் தாங்கள் பட்ட அவமானங்களை வெளியே சொன்னார்கள். எங்கள் குடும்பம் எங்கள் குடும்பம் என்று பேசிக்கொண்டிருந்த ஆலைகளின் பெயர்களும் அதில் வந்தன. குடியை விட்டு மீண்டுகொண்டிருக்கும் ஒருவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது, அது எளிதில் தீராத குறை.

நூலகம், பூங்கா பற்றிக் கேட்டீர்கள். வீடும் வேலையிடமும் போக மூன்றாவதாக ஒரு இடம் மனிதருக்கு வேண்டும் என்று எழுதிய சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க், அங்கே நடக்கும் முக்கியமான காரியம் பேச்சுதான் என்றார். அவர் பட்டியலில் காபிக்கடை, முடிதிருத்தும் கடை, புத்தகக்கடை எல்லாம் இருந்தன, மதுவிடுதியும் இருந்தது. ஆகவே பீருக்கு மட்டும் தனி மகிமை கிடையாது. ஊரார் சேர்ந்து நடத்தும் ஒரு ரொட்டிக்கடையும் இதையெல்லாம் செய்யும், அதையும் நான் இதே அளவுக்குக் கொண்டாடுவேன். நூலகம் வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அங்கே நீங்கள் போய்ப் பயன்படுத்துகிறவர். ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் பணம் போட்டவர், அடுத்த வருஷம் கடை நடக்குமா என்று ராத்திரி யோசிக்கிறவர். அந்தக் கவலையைப் பலரும் சேர்ந்து சுமப்பதைத்தான் நான் அந்தக் கட்டுரையில் மனதில் வைத்திருந்தேன்.

இனி உங்கள் நண்பர். தொழிலாகப் பார்த்தால் காலம் நன்றாக இல்லை. 1970-களின் இறுதியில் நூறு ஆலைகூட இல்லாதிருந்த அமெரிக்காவில் இன்று 9,000-க்கும் மேல் இருக்கின்றன, ஆனால் 2024-ல் திறந்ததைவிட மூடியதுதான் அதிகம். இதை அவரும் படித்திருப்பார், இருந்தாலும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள். சக்கையை யார் எடுத்துக்கொள்ளப்போகிறார், அவரோடு பேசியாயிற்றா என்று கேளுங்கள். குடிக்காத ஒருவர் மாலை முழுக்க உட்கார்ந்திருக்கலாமா, அவருக்கு என்ன கொடுப்பீர்கள், உங்களையே வைத்துக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட, நாளைக்குப் பெரிய நிறுவனம் ஒன்று நல்ல விலையோடு வந்தால் விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய யாருக்கெல்லாம் வாக்கு இருக்கும் என்று கேளுங்கள். பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதத் தயாராக இருந்தால், நஷ்டமானாலும் தாங்கும் அளவுக்குப் பணம் போடலாம் என்பது என் எண்ணம். அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால், ஒப்பந்தம் கைக்கு வரும்வரை நீங்களும் பொறுத்திருங்கள்.

அன்புடன்.