பத்துக்குப் பத்து அறையில் ஒன்றரை லட்ச ரூபாய் ஸ்பீக்கர்

கேள்வி: பல வருஷ ஆசை. கடையில் கேட்டுப் பார்த்துத்தான் ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் 1,45,000 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) 'தொம் தொம்' என்று பாட்டையே அமுக்குகிறது. மூன்று வாரமாகத் தூக்கமில்லை. மனைவியிடம் பாதி விலைதான் சொல்லியிருக்கிறேன். கடைக்காரரோ பில்லில் உள்ள 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியைக் காட்டுகிறார். வழி உண்டா?
- வாசகர், திருச்சி

பதில்: பிடிக்கவில்லை என்பதற்காக, கடையில் கேட்டு வாங்கியதைத் திருப்பித் தர 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உரிமை தரவில்லை. பழுது என்றால் கதை வேறு. பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் சொச்சம்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கரகரக்கிறதா என்று இன்றே பாருங்கள். கரகரத்தால், ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர்களை இடம் வலம் மாற்றுங்கள். கரகரப்பு அடுத்த ஸ்பீக்கருக்குப் போனால் பழுது ஆம்ப்ளிஃபயர் பக்கம்; போகாவிட்டால் அந்த ஸ்பீக்கரில். உடனே கடைக்கு எழுத்தில் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குற்றம் அறையில். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. பத்தடி இடைவெளியில் நிற்கும் இரு சுவர்களுக்கு நடுவே அது நொடிக்குச் சுமார் 56 முறை போய்வரும்; அதனால் 56 ஹெர்ட்ஸை (நொடிக்கு 56 அதிர்வு) ஒட்டிய ஒலி தேங்கி வீங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு திசையிலும் அதே ஸ்வரம்தான் வீங்குகிறது. கடையின் பெரிய அறையில் இது உங்கள் காதுக்கு எட்டியிருக்காது.

ஸ்பீக்கரை மூலையிலிருந்து எடுத்து, சுவரிலிருந்து இரண்டடி முன்னே வையுங்கள். நாற்காலி பின்சுவரை ஒட்டியிருந்தால் மூன்றடி முன்னே இழுங்கள். சுவரோரத்தில்தான் அந்த முழக்கம் அதிகம். அரையடி அரையடியாக நகர்த்தி, தெரிந்த ஒரே கச்சேரியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஒட்டுகிற மெல்லிய ஃபோம் தாள் இந்தத் தாழ்ந்த ஒலியைப் பிடிக்காது. விலை கூடிய கேபிளும் பிடிக்காது. தயவுசெய்து இன்னொரு ரூபாய்கூட இப்போது போடாதீர்கள்.

மனைவியிடம் முழு விலையைச் சொல்லிவிடுங்கள். தூக்கத்தைக் கெடுப்பதில் பாதி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு வாரம் நகர்த்திப் பார்த்தும் மனசு ஒப்பவில்லையென்றால் விற்றுவிடுங்கள். புதிது வாங்கிய விலை வராது. பில்லும் வாரண்டி அட்டையும் கையில் இருந்தால் நஷ்டம் குறையும். அதுவரை அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.