தூங்கும் நாயின் மூச்சை எண்ணிக்கொண்டே இருக்கிறேன்

அன்புள்ள மேடம்,

எங்கள் நாய் ஜிம்மிக்குப் பத்து வயது. சில மாதங்களுக்கு முன் தடுப்பூசிக்காகப் போனபோது இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று மருத்துவர் சொன்னார். எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயத்தின் இடப்பக்கத்தில் உள்ள மைட்ரல் வால்வு தடித்து, ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது, இதயமும் பெரிதாகியிருக்கிறது என்று தெரிந்தது. இதயம் பெரிதாகியும் அறிகுறிகள் இன்னும் வராத 'பி2' நிலையாம். நுரையீரலில் நீர் சேரவில்லை, இதயம் இன்னும் சமாளிக்கிறது என்றார். இதயத்துக்கான பிமோபெண்டன் மாத்திரை மட்டும் தருகிறோம்.

தூங்கும்போது மூச்சை எண்ணச் சொன்னார். நிமிடத்துக்கு 30க்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் கூப்பிடுங்கள் என்றார். அதுதான் எனக்கு வினையாகிவிட்டது. ராத்திரி எத்தனை முறை எழுந்து எண்ணுகிறேன் என்று எனக்கே தெரியாது. 22 வந்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. அப்புறம் மறுபடியும் சந்தேகம். பந்து விளையாடுவதை நிறுத்திவிட்டேன். மாலை நடையையும் நிறுத்திவிட்டேன். மருத்துவர் நிறுத்தச் சொல்லவில்லை, எனக்குத்தான் பயம். கதவருகே போய் நின்று என்னைப் பார்க்கிறான், நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

என் கணவர் நல்லவர்தான். ஆனால், "நாய்க்குத்தானே உடம்பு சரியில்லை, உனக்கு என்ன ஆச்சு?" என்கிறார். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. என் அப்பா மாரடைப்பில் திடீரென்று போனபோதுகூட நான் இப்படி அழவில்லை. இப்போது உயிரோடு இருக்கிற நாயைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். எனக்கு ஏதாவது கோளாறா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்பு வாசகிக்கு,

கோளாறு எதுவும் இல்லை. நாள்பட்ட நோயுள்ள நாய், பூனைகளைப் பராமரிப்பவர்களையும், ஆரோக்கியமான பிராணிகளை வளர்ப்பவர்களையும் மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகல் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளரின் குழு ஒப்பிட்டுப் பார்த்தது. 2017இல் வெளியான அந்த ஆய்வில், முதல் தரப்பினரிடம் மன அழுத்தமும் பதற்றமும் சோர்வும் தெளிவாகவே கூடுதலாக இருந்தன. வீட்டில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களின் சுமையை அளக்கும் கேள்விகளைத்தான் அவர்களிடமும் கேட்டார்கள். ஆகவே வெட்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். அதற்குச் செலவாகிற தெம்பு வேறு வேலைக்கு வேண்டும்.

முதலில் மூச்சு எண்ணுவதைப் பார்ப்போம். மருத்துவர் சொன்னது நல்ல வழி. நுரையீரலில் நீர் சேரத் தொடங்கினால், பெரும்பாலும் இருமலுக்கும் இளைப்புக்கும் முன்பே தூக்கத்தில் மூச்சு வேகமாகும். ஆனால் அந்த எண் மருத்துவருக்கானது. நீங்கள் அதை உங்கள் மனதுக்கு மருந்தாகச் சாப்பிடுகிறீர்கள். 22 தருகிற நிம்மதி கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், அடுத்த வேளைக்கு மனம் கைநீட்டும். பதற்றம் வளர்கிற விதமே இதுதான்.

ஒரு நாளைக்கு ஒரு முறை போதும். நன்றாகத் தூங்கும்போது, கனவில் கால் உதறாத நேரமாகப் பார்த்து, மார்பு ஏறி இறங்குவதை ஒன்று என்று கணக்கிட்டு, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நோட்டில் எழுதி மூடிவிடுங்கள். என்றாவது 30ஐத் தாண்டினால் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சுவிடவே சிரமப்பட்டாலோ, ஈறு நீலம் பூத்தாலோ, மயங்கி விழுந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். மற்றபடி ராத்திரியில் எண்ணத் தோன்றும்போது, எண்ணாமல் புரண்டு படுங்கள். முதல் சில இரவுகள் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அடுத்தது நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்ட விஷயம். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பந்து போயிற்று, நடை போயிற்று. நோய் இன்னும் அவனிடமிருந்து எடுக்காததை நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டீர்கள். பி2 நிலையில் உள்ள பெரும்பாலான நாய்கள் தம் போக்கில் நிதானமாக நடக்கலாம். ஜிம்மிக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு விளையாட்டு என்று மருத்துவரிடமே கேட்டு, அவர் அனுமதிக்கிற அளவை நாளையே திருப்பிக் கொடுங்கள். பிமோபெண்டனும் சும்மா பெயருக்குக் கொடுக்கிற மாத்திரை இல்லை. அவன் இருக்கும் இதே நிலையிலுள்ள நாய்களுக்கு அது இதயச் செயலிழப்பைச் சராசரியாகச் சுமார் 15 மாதம் தள்ளிப்போட்டது என்று 2016இல் வெளியான 'எபிக்' ஆய்வு காட்டியது. ஜிம்மிக்கு இத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கிடைக்கிற மாதங்களைக் கதவருகே நின்றே அவன் கழிக்க வேண்டுமா?

வரப்போகிற இழப்புக்கு முன்கூட்டியே துக்கப்படுவது என்று ஒன்று உண்டு. 1944இல் எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். போர்முனைக்குப் போன கணவன் திரும்பமாட்டான் என்று ஒரு மனைவி முன்பே முழுதாகத் துக்கப்பட்டுத் தீர்த்துவிட்டாள். அவன் உயிரோடு வந்து நின்றபோது அவளுக்கு அன்பே மிஞ்சவில்லை, விவாகரத்து கேட்டாளாம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, உங்களுக்கும் ஆகாது. ஆனாலும் ஜிம்மி பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் இது நினைவுக்கு வந்தது.

அப்பாவைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அவர் திடீரென்று போய்விட்டார், பார்த்துக்கொள்ள உங்களுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. இப்போது இன்னொரு இதயம், எண்ணுவதற்கு மூச்சு, கொடுப்பதற்கு மாத்திரை. அன்று வராத அழுகையும் இதில் சேர்ந்து வருகிறதோ என்று நினைக்கிறேன். கடிதத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். அப்பாவை நன்றாக அறிந்த ஒருவரிடம் அவரைப் பற்றிப் பேசிப் பாருங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

கணவர் விஷயம் எனக்கு அவ்வளவு சிக்கலாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் நீங்களே செய்கிறீர்கள், அவருக்குக் கருத்து சொல்வதைத் தவிர வேறு வேலை இல்லை! ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூச்சை அவர் எண்ணட்டும். அவர் எண்ணியதை நீங்கள் சரிபார்க்கக் கூடாது. அடுத்த பரிசோதனைக்கு இருவரும் போங்கள். நடை எவ்வளவு, உப்பு விஷயத்தில் என்ன செய்வது, நள்ளிரவில் மூச்சு வாங்கினால் எங்கே போவது, நோய் முற்றிய கட்டத்தில் அவன் கஷ்டப்படுகிறான் என்பதை எதை வைத்து அறிவது என்றெல்லாம் கேட்டு, பதிலை அவர் கையால் எழுதச் சொல்லுங்கள். கடைசிக் கேள்வி கசப்பானதுதான், ஆனால் நிதானமாக இருக்கும் இப்போதே கேட்பது நல்லது.

இதையெல்லாம் செய்தும் சில வாரங்களில் தூக்கம் திரும்பவில்லை என்றால் ஒரு உளவியல் ஆலோசகரை நேரில் பாருங்கள். நாய்க்காக வந்தேன் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.