பிக்கப் வண்டியில் ஏசி பிரஷர் சுவிட்ச்சை நாமே மாற்றலாமா, கேஸ் போய்விடாதா?

பெரும்பாலும் போகாது. கடலூர் துறைமுகத்துக்கு மீன் ஏற்றப் போகும் வண்டி, ஏசி போட்டால் கம்ப்ரசர் கிளட்ச் (கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட்டோடு சேர்த்துச் சுற்ற வைப்பது) ஒட்டவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் சுவிட்ச் வாங்குவதற்கு முன் அதன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். என் வண்டியில் கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்னைச் சுற்றிப் பச்சைப் பொடி பூத்திருந்தது, உப்புக்காற்றின் வேலை. சுத்தம் செய்ததும் கிளட்ச் 'டக்'கென்று ஒட்டியது.

அடுத்து கேஸ். கேஸ் குறைந்தால் இந்த சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தத்தான் செய்யும், அதுதான் அதன் வேலை. ஆர்134ஏ கேஸ் என்றால், இன்ஜின் ஆறிய நிலையில் 30 டிகிரி வெயிலுக்கு கேஜில் 95 பிஎஸ்ஐக்கு மேல் காட்ட வேண்டும். மிகவும் குறைவாக இருந்தால் லீக்கைத் தேடுங்கள், சுவிட்ச்சைக் குறை சொல்லாதீர்கள். வயரை நேரடியாக இணைத்து மட்டும் ஓட்டாதீர்கள். கேஸோடு சுற்றிவரும் ஆயில் போதாமல் கம்ப்ரசரே பிடித்துக்கொள்ளும்.

சுவிட்ச்தான் கெட்டது என்று உறுதியானால், பல வண்டிகளில் அதன் அடியில் டியூப் வால்வு போன்ற ஊசி வால்வு இருக்கும். கழற்றும்போது லேசாக 'புஸ்' என்று வந்து நின்றுவிடும். சில வண்டிகளில் அது கிடையாது, மொத்த கேஸும் கொட்டிவிடும். ஆகவே உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கேஸ் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும்.

புது ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) ஏசி ஆயில் தடவி, கையாலேயே மரை ஏற்றி, கடைசியில் ஸ்பானரால் அளவாக இறுக்குங்கள். குழாய் அலுமினியம், அதிகம் இறுக்கினால் மரை போய்விடும். பிறகு லீக் இருக்கிறதா என்று சோப்பு நுரை வைத்துப் பாருங்கள்.